ஆதம்பாவாவின் கைக்கு வைத்த பிரேக்

பள்ளிவாசலில், அந்திநேர மஃரிப் தொழுகையில், மச்சானைக் கன்னத்தில் அறைந்தவர் என்றுதான் ஆதம்பாவா காக்காவை எங்களிடம் கூட்டி வந்தார்கள். எண்பதுகளின் தொடக்கம். நான் கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டிஸ்பென்சர். டொக்டர்மார் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். மருந்து யன்னலுக்குப் பின்னால் நான் மட்டும் அசையாமல் இருந்தேன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. இப்போது அந்த யன்னலில் நிற்கும் தம்பி தங்கைமாருக்கு அந்த நினைப்பு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கல்முனைக்குடி ஆள். நாவிதன்வெளி வயல்களில் உழவு மெசின், அதாவது டிராக்டர், ஓட்டுகிறவர். அவருக்கும் மனைவியின் தம்பி மீராலெவ்வைக்கும் நெடுநாள் வரம்புச் சண்டை. அப்படியிருக்க, தொழுகை வரிசையில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றபோது, காக்காவின் வலது கை தன்பாட்டில் எழும்பி மச்சானின் தொப்பியையும் கன்னத்தையும் சேர்த்துப் பதம் பார்த்துவிட்டது. கை தானாகத்தான் போனது என்று காக்கா சத்தியம் பண்ணியும் ஒருவரும் நம்பவில்லை. பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார்மார் கூடி, கை அடங்கும் வரைக்கும் ஜமாஅத்துத் தொழுகைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நோன்பு மாதத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது.

ஆஸ்பத்திரியிலும் அந்தக் கை அடங்கவில்லை. வாங்குப் பலகையில் இருந்தவர்களை எல்லாம் ஒதுங்க வைத்துச் சுழன்றது. வீட்டில் மனைவி அந்தக் கையின் மேல் ஏறி உட்கார்ந்துதான் அவர் வாயில் சோறு தீத்துகிறாவாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது காக்கா டொக்டரைப் பார்த்து, "பெருநாள் தொழுகைக்காவது நான் ஸப்பில வரிசையோட நிக்கணும் டொக்டர்" என்று சொல்லி அழுதுவிட்டார். சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பொடியன். சோதித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மூளையின்ர அடியில கச்சான் கடலை அளவில ஒரு இடம். அதுக்குப் போற ரத்தக்குழாய் அடைபட்டிட்டுது. ஆளுக்கு விளங்கப்படுத்துங்கோ."

விளங்கப்படுத்தச் சொன்னால் போதாதா எனக்கு!

"காக்கா, உங்கட மூளை எந்த நேரமும் ஸ்டார்ட்டில நிக்கிற மெசின். கை கால் எல்லாம் ஓடத்தான் பாக்கும். அடியில பேசல் கேங்லியா எண்டு ஒரு கூட்டம் இரிக்கி. அதுட வேலை பிரேக் புடிக்கிறது. நீங்க கையத் தூக்க நினைச்சா அந்த அசைவுக்கு மட்டும் பிரேக்க விடும். மத்ததெல்லாத்தையும் இறுக்கிப் புடிச்சிக்கிட்டு இரிக்கும். உங்களுக்கு அந்தப் பிரேக்க மிதிக்கிற கால்தான் பழுதாப் போச்சு."

"அப்ப இந்தக் குளிசை?"

"டோபமைன் எண்டு ஒரு சாமான் மூளைக்குள்ள பிரேக்கத் தளத்தும். குளிசை அதை மறிக்கும். மறுகா பிரேக் இறுகும்."

"அப்பிடிச் செல்லுங்களேன்!" என்றார் காக்கா. முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹலோபெரிடோல், காலை, பகல், இரவு ஒவ்வொன்று என்று உறையில் எழுதி, பத்து நாளைக்குக் கொடுத்தேன்.

நாலைந்து நாளில் கை அடங்கத் தொடங்கியது. மரைக்கார்மாரும் வரலாம் என்றார்கள். நோன்பும் பிறந்தது. மூன்றாம் நோன்பன்று காக்காவின் மனைவி குளிசை முடிந்துவிட்டது என்று வந்தா. இன்னும் குளிசை இருக்க வேண்டுமே என்று நான் கணக்குப் பார்த்திருக்கலாம். நானும் நோன்பு, வாய் காய்ந்து, வரிசை நீண்டு, எரிச்சலில் இருந்தேன். டொக்டரின் மருந்துத் துண்டைப் பார்த்தேன், எண்ணிக் கொடுத்தேன்.

ஆறேழு நாள் கழித்து காக்காவை உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் மீராலெவ்வை. அறை வாங்கிய அதே மச்சான்.

"பின்னேரம் அஸர் தொழுகையில ருகூவுக்குக் குனிஞ்சவர் டொக்டர். இமாம் ஸலாம் குடுத்துத் தொழுகை முடிஞ்ச மறுகாவும் குனிஞ்ச மாதிரியே நிக்கார். நாலு பேர் புடிச்சித்தான் நிமித்தின!"

காக்கா கண் கொட்டவில்லை. வாயோரம் எச்சில் வடிந்தது. காலடி எடுத்து வைக்கப் பாதம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. டொக்டர் மனைவியைப் பார்த்து, எத்தனை குளிசை கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"பகலையில நோன்பு டொக்டர். அதால விடிய முந்திச் சஹர்லயே பகலைக்கும் சேத்து மூணு. நோன்பு துறந்துட்டு ராவைக்கு மூணு. பள்ளம் வர முந்தியே பிரேக்க நல்லா மிதிக்கணும் எண்டு அவர்தான் கூட்டிப் போட்டார். டிஸ்பென்சர் தம்பிதான் விளங்கப்படுத்தினயாம்."

"வருத்தக்காரருக்கு நோன்பு கடமையில்லையே ராத்தா?" என்றேன், மௌலவி மாதிரி.

"செல்லிப் பாத்த தம்பி. வருத்தம் கைக்குத்தான், வயித்துக்கில்ல எண்டு செல்லிட்டார்."

டொக்டர் என்னைப் பார்த்தார். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஹலோபெரிடோலை நிறுத்தி, இறுக்கம் விட வேறு குளிசை கொடுத்து, வார்ட்டில் வைத்தோம். "பிரேக்க விட்டாக் கை திரும்பவும் ஆடுமா?" என்று மீராலெவ்வை கேட்டார். "ஆடலாம். சிலருக்கு இந்த வருத்தம் தன்பாட்டில அடங்கிறதும் உண்டு" என்றார் டொக்டர். அதுவரை என் குளிசையால்தான் அடங்கியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். ஒவ்வொரு நாளும் வார்ட்டுக்குப் போய் அந்தக் கையைப் பார்த்தேன். முகத்தில் சிரிப்பு வந்தது, நடை வந்தது. கை சிலநேரம் துள்ளும், பிறகு படுத்துவிடும்.

பெருநாள் காலையில் மீராலெவ்வை காக்காவைத் தனக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். நான் பின் ஸப்பில். தொழுகை முழுக்க என் கவனம் காக்காவின் வலது கையில்தான். அல்லாஹ் மன்னிக்க வேண்டும். தக்பீருக்கு எழும்பியது, நெஞ்சில் கட்டியது, கட்டியபடியே நின்றது.

முடிந்ததும் காக்கா என்னைத் தேடி வந்து கை பிடித்து முஸாபஹா கொடுத்தார். என் கையை விடாமலே கேட்டார்.

"தம்பி, நோன்பு வருது எண்டு உனக்கும் தெரியும். நீயும் நோன்பாளிதானே. குளிசைய எப்ப போடப் போறாய் எண்டு என்னட்ட ஏன் கேக்கல்ல?"

"நான் படிச்சதக் காட்டிக்கிட்டு நிண்டன் காக்கா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கையை மட்டும் ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார். அதன்பிறகு வேலையிலிருந்து இளைப்பாறும் வரைக்கும், உறையைக் கொடுக்க முன், "இத எப்ப எப்பப் போடப் போறீங்க, நீங்க செல்லுங்க பாப்பம்" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.