எட்டுச் செலவு

ஆஸ்பத்திரியில் உடலை என்னிடம்தான் ஒப்படைத்தார்கள். சட்டப்படி நான் அவனுடைய கணவன். அவன் தாய்க்கு மட்டும் நான் கூட இருந்த பெடியன். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவனையே வாசற்படி ஏற விடாத மனிசி, எட்டுச் செலவைத் தன் குட்மேய்ஸ் வீட்டில்தான் செய்வேன் என்று அடம்பிடித்தா. என்னைக் கூப்பிடவில்லை. எட்டாம் நாள், செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிடுகிற சடங்கு அது. உயிரோடு வந்தவனுக்கும் அந்தக் கதவைத்தானே சாத்தினா?

அன்று பின்னேரம், வெம்பிளியில் தனியே இருந்த எனக்கு முதன்முறையாகப் போன் எடுத்தா.

“தம்பி, கணவாய்க் கறியும் வைச்சனான். பிள்ளை வந்த மாதிரித் தெரியேல்லை. அங்கையோ நிக்கிறான்?”

திரும்பிப் பார்த்தேன். நான் சாத்தாத படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

“ஓம் மாமி,” என்றேன். “வீட்டிலைதான் நிக்கிறான்.”