விலகவுமில்லை, முடிக்கவுமில்லை

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் டேனிஷ் வகுப்பைச் சாதாரண மனிதர்கள் இரண்டு வருடத்தில் முடித்துவிடுவார்கள். நான் ஆறு வருடமாக அதே வகுப்பில் இருந்தேன். மக்கு என்று சொல்லிவிடலாம். அது முழு உண்மையல்ல, பாதிதான்.

மூன்று தரம் இடையில் நின்றேன். முதல் தரம், கோழி வெட்டும் தொழிற்சாலையில் மாலை வேலை. இரண்டாம் தரம், மகள் பிறந்தாள். மூன்றாம் தரம், போரின் கடைசி மாதங்கள். தங்கச்சி குடும்பம் வன்னிக்குள் அகப்பட்டிருந்தது, தொலைபேசியை விட்டு என்னால் அசைய முடியவில்லை.

ஒவ்வொரு தரமும் ஆசிரியையிடம் முறையாகச் சொல்லிக்கொண்டுதான் போனேன். எங்கள் ஆட்களில் யாராவது வாசலில் நின்று "போறன்" என்பார்களா? ஆகாத சொல். "போட்டு வாறன்" என்பதைத்தான் டேனிஷில் சொன்னேன். அவர் நல்ல மனுஷி, நம்பிவிட்டார். 'திரும்பி வருவார்' என்று மூன்று தரமும் பதிந்து வைத்தார்.

போர் முடிந்து, தங்கச்சி முகாமில் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த கிழமை, பள்ளிக்கூட ஆலோசகர் என்னைக் கூப்பிட்டார். கணினியில் இரண்டு தூண்கள். பச்சை, படிப்பை முடித்தவர்கள். சிவப்பு, விலகியவர்கள். நடுவில் ஈர்க்கு அகலத்தில் ஒரு சாம்பல் கோடு.

"இது யார் தெரியுமா? நீதான்" என்றார்.

கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"மேலிடம் கணக்குக் கேட்கிறது. முடித்தாய் என்றோ விலகினாய் என்றோ நான் எழுதியாக வேண்டும். ஜூன் பரீட்சைக்கு வா. வராவிட்டால் சிவப்பு."

சிவப்பென்றால், ஆகஸ்டில் தொடங்கும் முதியோர் பராமரிப்புப் பயிற்சியில் எனக்கு இடமில்லை. கோழித் தொழிற்சாலையோ கோடையோடு மூடப்போகிறது. நாற்பத்துநாலு வயதில், கோழியின் இடது காலை வெட்டுவதைத் தவிர வேறு வித்தை தெரியாதவன் நான். வலது காலுக்கு வேறு ஆள்.

அடுத்த மூன்று கிழமையும் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து, உரத்துப் படித்தேன். நாலு வயது மகள் எதிரே இருந்து ஒவ்வொரு சொல்லையும் திருத்தினாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி, "நீங்கள் முதல் தரம் படிப்பை விட்டாப்பிறகு பிறந்த பிள்ளை உங்களுக்கு ரீச்சரா வந்திட்டுது."

வாய்மொழிப் பரீட்சையில் தலைப்புக்காக எடுத்த துண்டில் 'உன் வேலையிடம்' என்றிருந்தது. விடுவேனா? பத்து நிமிடம் கையாலும் வாயாலும் கோழி வெட்டினேன். வெளியிலிருந்து வந்த பரிசோதகர் முகம் வெளிறியது. மனுஷி சைவம் என்று பிறகுதான் தெரிந்தது. இரக்கமோ, போதும் என்ற அவசரமோ, இரண்டு புள்ளி போட்டார். அது பாஸாவதற்கான ஆகக் குறைந்த புள்ளி. ஆலோசகர் என் கண் முன்னாலேயே சாம்பல் கோட்டை அழித்தார். பச்சைத் தூண் வளர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"எத்தினைக்கு ரண்டு?" என்று மனைவி கேட்டாள்.

"பன்ரண்டுக்கு."

"ஐயோ, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"பாஸப்பா!"

"ஓம், பாஸ்தான். ஆகஸ்டில எத்தினை மணிக்கு வகுப்பு?"

"எட்டுக்கு."

"அப்ப ஏழரைக்குப் பிள்ளையை நேசறியில விட்டுப்போட்டு, அடுத்ததா உங்களைக் கொண்டுபோய் விடுறன். நீங்கள் உள்ளுக்குப் போய்க் கதிரையில இருக்கிறதைப் பாத்தாப்பிறகுதான் நான் வேலைக்குப் போவன்."

அப்படியே செய்தாள். முதல் கிழமை முழுதும், யன்னலுக்கு வெளியே நின்று.