சடையப்பன் மகளுக்குத் தைத்த வார்

"என்னைக் கயிறு போட்டு இழுத்துக்கிட்டுப் போற ஆளு இந்த ஜில்லாவுலயே பொறக்கல."

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில், அறுபத்து நாலாம் வருஷம், சடையப்பன் இப்படி ஒரு பிரகடனம் வெளியிட்டார். சரக்குப் படகுகளைக் கயிறு போட்டுக் கரைக்கு இழுப்பது அவர் தொழில். மேஸ்திரி செய்த அதிகாரத்துக்கு இது பதில். மேஸ்திரி போன பிறகுதான் சொன்னார் என்பது சில்லறை விவரம்.

"இழுக்கணும்னு யாரும் ஆசப்பட்டதா தெரியலியே மச்சான்" என்றார் கூட வேலை செய்யும் சுப்புராயன்.

சடையப்பனின் மகள் செல்லாயிக்கு வயது மூன்று. நடப்பது என்கிற பழக்கத்தை அவள் இன்னும் அங்கீகரிக்கவில்லை, ஓட்டம்தான். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் காணாமல் போனாள். தேடிப் பிடித்தபோது கணுக்கால் தண்ணீரில் நின்று, அடுத்த அலைக்குக் காத்திருந்தாள். அன்று முதல் கூட்டம் என்றாலே தாய் அமராவதி அவள் கையை விடுவதில்லை.

ஆனித் தேருக்குச் சிதம்பரம் போவதென்று முடிவானபோது அமராவதியின் இடுப்பில் கைக்குழந்தை. பெரியவளைப் பிடிக்க அவளுக்குக் கை இல்லை. அதனால் புருஷனின் பழைய காக்கி நிஜாரைக் கிழித்து ஒரு வார் தைத்தாள். பிள்ளையின் மார்பைச் சுற்றி ஒரு பட்டை, தோள்களின் மேல் இரண்டு, முதுகுப் பக்கம் பிடித்துக்கொள்ள நீளமாக ஒரு நாடா.

"பெத்த புள்ளய ஆடு மாதிரி ஓட்டிக்கிட்டு வரச் சொல்றியா? நாலு பேரு சிரிப்பான்."

"சிரிக்கிறவன் தேடிக் குடுப்பானா?"

"எத்தினி படகு இழுத்த கை இது, தெரியுமில்ல?"

"படகு வேடிக்க பாக்க ஓடாது."

சடையப்பன் வாரைத் தோள்பையில் திணித்துக்கொண்டு ரயிலேறினார்.

கீழ வீதியில் கால் வைக்க இடமில்லை. அவர் செல்லாயியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். பெரியவர்கள் கைப்பிடியில் நடக்கும் குழந்தை, போலீஸிடம் சரணடைந்தவனைப் போல ஒரு கையை எந்நேரமும் தூக்கியபடிதான் போகிறது. அடுத்தவர் வேட்டியைத் தவிர வேறு எதையும் பார்ப்பதுமில்லை. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் பாசம். கயிறு என்றால் மட்டும் நமக்கு ஆடு நினைவுக்கு வந்துவிடுகிறது.

தேர் வடம் அவர் பக்கமாக வந்தது. இழுப்பவர்கள் ஆளுக்கொரு தாளத்தில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தொழில் தெரிந்தவருக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "அப்பா வேட்டியப் புடிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வடத்தைப் பற்றினார்.

தேர் நகர்ந்தது, நின்றது. திரும்பிப் பார்த்தார். வேட்டி இருந்தது. பிடித்திருந்த கையைக் காணோம்.

"புள்ள எங்க?" என்றாள் அமராவதி.

சடையப்பன் வடத்தை விட்டார். ஆட்களை விலக்கிக்கொண்டு தேரை நோக்கி ஓடினார். எதிரே, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆள் செல்லாயியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"யாரு வூட்டுப் புள்ள இது? சக்கரத்துக்கு முன்னால உக்காந்து பூ பொறுக்குது."

சடையப்பன் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

ஓரமாக ஒதுங்கி மண்டி போட்டார். பையிலிருந்து வாரை எடுத்தார். அமராவதி உதவிக்குக் குனிந்தாள், அவர் விடவில்லை. தானே மாட்டி, மார்பை இறுக்குகிறதா என்று விரல் விட்டுப் பார்த்து, நாடாவின் நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். சிலர் சிரிக்கத்தான் செய்தார்கள்.

தெற்கு வீதியில் செல்லாயி இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு போனாள். காற்றாடிக்காரனிடம் நின்றாள்; சடையப்பனும் நின்றார். ஒரு நாயை விசாரிக்கப் போனாள், அவரும் போனார். தானும் தேர் பார்க்க வந்திருந்த சுப்புராயன் எதிர்ப்பட்டு, நாடாவை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க மச்சான் போற?"

"எனக்கென்ன தெரியும்" என்றார் சடையப்பன். "முன்னால போறாளே, அவளக் கேளு."