அட்டையில் மிச்சமிருந்த மூன்று நிமிடம்

2005ஆம் ஆண்டு தவக்காலம், ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை ஐந்து மணிக்குப் பிரான்சிலிருந்து தம்பி மரியதாஸின் மனைவி அழைத்தாள்.

"மச்சாள், இவருக்கு நாளைக்கு இருதய ஒப்பரேசன். உங்களோட கதைக்க வேணுமாம். ஆஸ்பத்திரிக் கட்டிலடிப் போனில இருந்து வெளியால எடுக்க ஏலாது. நீங்கள் எடுங்கோ."

இலக்கத்தைக் குறித்துக்கொண்டேன். வெளிநாட்டுக்குப் பேசப் புதுத் தொலைபேசி அட்டை வாங்க ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டும். பஸ் போய்விட்டது. என்னிடம் இருந்தது பாதி பாவித்த ஓர் அட்டைதான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக மாத முதல் ஞாயிறு தம்பியை அழைப்பேன். அட்டையில் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாதென்று, பேச வேண்டியவற்றை நாட்குறிப்பில் இலக்கமிட்டு எழுதி வைத்து வாசிப்பேன். அவன் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்பான். முடிந்ததும் வைத்துவிடுவேன். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அன்று நான்கு முறை முயன்றேன். இணைப்புக் கிடைக்கவில்லை. மாதா சுரூபத்துக்கு முன் முழந்தாளிட்டேன். "ஆண்டவரே, அவன்ர குரலை ஒருக்காக் கேக்க விடும்" என்று அழுதேன். ஐந்தாம் முறை, மூன்று நிமிடம் மிச்சமிருப்பதாகப் பதிவுக்குரல் சொன்னது. பிறகு தம்பி.

"அக்கா, இண்டைக்கு எத்தினை விசயம்? பத்தோ, பன்ரெண்டோ?"

"ஒண்டுமில்லையடா. நீ கதை."

"போன வருசமே நெஞ்சுநோ துவங்கீட்டுது. சொல்லுவமெண்டு பாத்தனான். நீங்கள் கூரை ஓடு மாத்திற கதையில நிண்டியள். பேந்து வேலிக் கதை. பேந்து போனை வைச்சிட்டியள்."

"இடையில சொல்லியிருக்கலாமேடா?"

"உங்களுக்கு இடையில ஆர் கதைக்கிறது?" சிரித்தான். பிறகு, "பயமாக் கிடக்கு அக்கா" என்றான்.

"நான் இஞ்ச முழந்தாளில நிக்கிறன், ராசா."

"ஓம்" என்றான். அதோடு அட்டை முடிந்தது.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. தம்பி இன்று வேலைக்கும் போகிறான். ஆண்டவருக்குக் கோடி நன்றி.

ஆனாலும் அந்த மூன்று வருட நாட்குறிப்புகளைத் திறந்தால் நெஞ்சு கனக்கிறது. நான் சொன்னதெல்லாம் திகதியோடு இருக்கிறது. அவன் சொன்னது ஒரு வரிகூட இல்லை.

செபத்தையும் நான் அப்படித்தான் வாசித்து வந்தேன். இப்போது ஆண்டவரிடம் எதையும் கேட்பதற்கு முன் சற்று நேரம் பேசாமல் இருக்கிறேன். நீங்களும் அவரை நம்பி அப்படி இருந்து பாருங்கள். தூரத்தில் உங்களுக்கும் ஒரு தம்பி இருந்தால், இந்த ஞாயிறே அழைத்து, அவனை முதலில் பேசவிடுங்கள்.