போன் தனியாகப் பஸ் ஏறிய நாள்

கலியாணம் முடிந்த கையோடு என் கணவர் சுவிஸுக்குத் திரும்பிப் போனார். போகும்போது எனக்கு ஒரு புதுப் போன் தந்தார். வாட்ஸ்அப், கடவுச்சொல், முகப்பில் எங்கள் கலியாணப் படம் என்று எல்லாவற்றையும் தானே இருந்து போட்டுத் தந்தார். விசா வரும்வரை நான் கரம்பொனில் மாமியோடு, அதாவது அவருடைய தாயோடு, இருப்பதாக ஏற்பாடு. காலையில் படகேறி எழுவைதீவுக்குப் படிப்பிக்கப் போவேன். பின்னேரம் திரும்புவேன்.

அந்த நாட்களில் அவருடைய அக்கறையை நினைத்து நான் பூரித்துப் போயிருந்தேன் என்று சொல்ல இப்போது வாய் கூசுகிறது. "இண்டைக்குப் படகு பிந்திப்போச்சோ?" என்று நான் சொல்லாமலே கேட்பார். "கோயிலடியில கனநேரம் நிண்டனீர் போல" என்பார். பள்ளிக்கூடத்தில் மற்ற ரீச்சர்மாரிடம் பெருமையடித்தேன். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு என் மனசை அப்படியே அறிகிறாரே என்று. மனசாம்!

சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், திரும்பி வரும்போது படகுக்குள் அலை அடித்து என் கைப்பை முழுக்கத் தண்ணீர். போன் செத்துப்போனது. ஊர்காவற்துறையில் இறங்கியதும் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸின் கண்டக்டர் அண்ணையிடம் அதைக் கொடுத்துவிட்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே கொடுத்து, மறுநாள் பின்னேரம் வாங்கிவருவதாகச் சொன்னார்.

தீவுக்காரருக்கு இதில் ஒரு புதினமும் இல்லை. எங்களுக்கு யாழ்ப்பாண ரவுணுக்குப் போய்வருவது ஒரு நாள் வேலை. அதனால் ஆள் போவதில்லை, பொருள்தான் போகும். மருந்துத் துண்டு போகும், தைக்கக் கொடுத்த சட்டை போகும், ஆஸ்பத்திரியில் இருப்பவருக்குச் சோற்றுப் பார்சல் போகும். என் மாமியின் பல்செட் உடைந்தபோது அதுவும் ஒரு கடதாசிப் பைக்குள் தனியாகத்தான் போய்த் திரும்பியது. மாமி அன்று முழுக்கக் கஞ்சி குடித்தார். இதே ஊரில் பிறந்து வளர்ந்த என் கணவருக்கு இதெல்லாம் மறந்துபோகும் என்று நான் எப்படி நினைப்பேன்?

மறுநாள் விடிய, படகுக்கு வெளிக்கிடும் நேரத்தில் மாமியின் போன் அடித்தது. அவர்தான்.

"ராத்திரி எங்க நிண்டனீர்?"

"வீட்டிலதான். வேற எங்க நிக்கிறது?"

"பொய் சொல்லாதையும். யாழ்ப்பாணத்தில லொட்ஜில நிண்டிருக்கிறீர்." லொட்ஜின் பெயரைச் சொன்னார். அது இருக்கும் தெருவையும் சொன்னார்.

"என்ர போன் நனைஞ்சு போச்சு. திருத்த பஸ்ஸில குடுத்துவிட்டனான்."

"ஓம், போன் தனிய பஸ் ஏறிப் போய் லொட்ஜில படுத்ததாக்கும்."

லொட்ஜ் என்ற சொல்லைவிட, இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. போனைத் தரும்போதே ஒரு செயலியைப் போட்டுவிட்டாராம், நான் நிற்கும் இடம் அவருடைய போனில் ஒரு புள்ளியாகத் தெரியுமாம். "உம்மட பாதுகாப்புக்குத்தான்" என்றார். லொட்ஜில் நின்றீர் என்று சொன்ன அதே வாயால்.

"மாமியைக் கேளுங்கோ" என்று போனை மாமியிடம் நீட்டினேன். எனக்கு அந்த நேரம் பயமே இருக்கவில்லை. தனிய இருக்கிற பிள்ளை என்று சொல்லி, வந்த நாளிலிருந்து தன் கட்டிலை என் அறைக்குள் கொண்டுவந்து போட்டுப் படுப்பவர் மாமி. நான் திரும்பிப் படுத்தாலும் அவருக்குத் தெரியும்.

மாமி என்னைப் பார்க்காமல் சொன்னார். "நான் நித்திரைக் குளிசை போட்டிட்டுப் படுத்திட்டன் தம்பி. எனக்கென்ன தெரியும்."

அன்றைக்கு நான் என்ன படிப்பித்தேன் என்று தெரியாது. பின்னேரம் படகால் இறங்கி நேரே பஸ்ஸடிக்குப் போனேன். போன் திருத்தி வந்திருந்தது. கண்டக்டர் அண்ணையிடம் நடந்ததைச் சொன்னேன். பென்சனுக்குக் கிட்ட வந்த மனிதர். பேரப்பிள்ளைகளுக்குப் படம் வரையும் பென்சில் வாங்கிக்கொண்டு போகிறவர். "இதென்ன விசர்க் கதை ரீச்சர், அவருக்கு எடும், நான் சொல்லுறன்" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

"தம்பி, நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். கடைக்காரன் ராத்திரியே ஓன் பண்ணிப் பாத்து வைச்சிருக்கிறான். கடை கீழ, லொட்ஜ் மேல் மாடியில. அவ்வளவுதான் விசயம்."

அவர் "சரி ஐயா, நன்றி ஐயா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னிடம், "உந்த ஆள் ஏன் உமக்காக இவ்வளவு கதைக்குது?" என்றார். ஸ்பீக்கர் போட்டிருந்தது. கண்டக்டர் அண்ணையின் முகம் கறுத்துப்போனது. பஸ்ஸில் ஏறினார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார். நான் இழந்தவற்றில் இதைத்தான் இன்னும் பொறுக்க ஏலாமல் இருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. "விசாரிச்சுப் பாத்தன். நீர் சொன்னது சரிதான். மன்னிச்சுக்கொள்ளும். கடைக்காரன் எல்லாத்தையும் அழிச்சிட்டான் போல, இப்ப ஒண்டும் காட்டேல்லை. கீழ ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறன், அதை ஒருக்கா அமத்தும்." மன்னிப்பையும் லிங்கையும் ஒரே செய்திக்குள் அனுப்ப முடிந்த மனிதரோடுதான் எனக்குக் கலியாண எழுத்து நடந்திருக்கிறது.

மாமிக்கும் சொல்லியிருந்தார். கோயிலுக்கு வெளிக்கிட்டு நின்ற மாமி, "ஒரு பிழையும் செய்யாட்டில் அமத்திறதுக்கென்ன, பிள்ளை?" என்றார்.

"சரி மாமி" என்று அவர் கண்முன்னாலேயே அமத்தினேன். அவர் சந்தோசமாகக் கோயிலுக்குப் போனார். நான் போனைச் சார்ஜில் போட்டுக் கட்டிலில் வைத்துவிட்டு, உடுப்புகளை அடுக்கிக்கொண்டு, மண்கும்பானில் இருக்கும் அம்மாவிடம் பஸ் ஏறினேன்.

அன்று பகல் முழுக்க அவருடைய கணக்கில் நான் கரம்பொனில் அறையை விட்டு அசையவில்லை. நல்ல பெண்சாதி. மாமி கோயிலால் வந்து வெறும் அறையைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கு விசயம் தெரிந்தது. பின்னேரம் அம்மாவின் போனுக்கு எடுத்தார். அம்மா அழுதுகொண்டே என்னிடம் தந்தார். என்ன இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்பார் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"போனை ஏன் விட்டிட்டுப் போனனீர்?" என்று கேட்டார்.

நான் ஏன் போனேன் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை.