வால்வு ஆம்பும் மேகலாவின் கம்பளியும்

1. புகை

"பாஸ், ஆம்புல இருந்து பொக வருது. ஸ்விட்ச அமத்திட்டேன். இப்ப என்னா செய்றது?"

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சசிதரன் போனில் இப்படிக் கேட்டபோது, நான் ஹட்டனில் என் கடையில் ஒரு கோயில் மைக்செட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அவன் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் கிட்டார் வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வாரத்தில் நாலு நாள் அங்கே நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் அவன் மனைவி மேகலா வீட்டு வேலைக்குக் குவைத் போவாள். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று, மெடிக்கலும் முடிந்துவிட்டது. அவளைப் போகவிடாமல் தடுக்க அந்த வேலை ஒன்றுதான் இருந்தது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், "கிட்டார் மொடலருக்கு வால்வு ஆம்ப் நல்லதா, டிரான்சிஸ்டர் ஆம்ப் நல்லதா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த பதில் இதுதான். சொல்லப் பிடிக்கவில்லை, இருந்தாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

2. நான் கொடுத்த யோசனை

சசி திம்புள்ளப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறவன். கல்யாண வீடுகளில் வாசிப்பவன். அவனிடம் இருந்த மொடலர், காலால் மிதித்து மாற்றுகிற ஒரு டிஜிட்டல் பெட்டி. உலகத்தில் உள்ள பெரிய ஆம்புகளின் சத்தத்தையெல்லாம் நடித்துக் காட்டும். ஆனால் அதை நாலு பேர் கேட்க வேண்டுமானால் சத்தத்தைப் பெரிதாக்குகிற பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் வெளியே இருந்து கொடுக்க வேண்டும். ஹோட்டலில் சவுண்ட் சிஸ்டம் கிடையாது. ஸ்பீக்கர் அவனிடம் இருந்தது, பவர் ஆம்ப் இல்லை.

மேகலாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். "எத எடுக்கட்டும் பாஸ்?"

என் மேசையில் இரண்டு வகை ஆம்பும் இருந்தன. ஒன்று கைக்கு அடக்கமான டிரான்சிஸ்டர் ஆம்ப். உள்ளே வருகிற சத்தத்தை அப்படியே பெரிதாக்கும், தன் பங்குக்கு எதையும் சேர்க்காது. வால்வு மாதிரி நடிக்கிற வேலையை மொடலரே செய்துவிடுவதால் அதற்கு இது போதும். கரண்ட் கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். தேயிலை ஃபெக்டரியில் மோட்டார் போட்டால் லயத்து வீடுகளில் பல்பு மங்குவது எனக்குத் தெரியாதா என்ன?

மற்றது, பழைய சாமான்களைப் பொறுக்கி நானே இரண்டு வருஷம் உட்கார்ந்து கட்டிய வால்வு ஆம்ப். பழைய ரேடியோவில் இருந்த மாதிரி, சூடாகி எரிகிற கண்ணாடி வால்வுகள் அதில். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மொடலருக்குள் இருக்கிற பவர் ஆம்ப் நடிப்பை ஓஃப் செய்யாமல் மாட்டினால் சத்தம் குழம்பிப்போகும். சரியாகச் செட் பண்ணினால் மட்டும், தந்தியைத் தட்டும்போது நெஞ்சில் வந்து மோதும்.

அவனுக்கு வேண்டியது டிரான்சிஸ்டர். எனக்கு வேண்டியது, என் கையால் கட்டின ஆம்ப் அந்த ஹோட்டலில் கேட்க வேண்டும் என்பது. "இதக் கொண்டு போ சசி. வேல கெடைச்ச பொறகு திருப்பிக் குடு" என்றேன்.

மொடலரில் செய்ய வேண்டிய செட்டிங்கையெல்லாம் காட்டிக் கொடுத்தேன். கடைசியாக, "வாசிக்கிறதுக்கு முன்னுக்கு ஆம்ப் நல்லா சூடாகணும். குளிரோட போட்டு வாசிச்சிராத" என்றேன். மேகலா, "எம்புட்டு நேரம்ண்ணே சூடாகணும்?" என்று அக்கறையாகக் கேட்டாள். "கொஞ்ச நேரம் போதும் தங்கச்சி" என்றேன். மேலே இருக்கிற கம்பி வலை வழியாகச் சூடு வெளியேற வேண்டும், அதை மூடக்கூடாது என்று சொல்லவில்லை. இந்த மலையில் சாமான் வாங்குகிற எல்லோரிடமும் நான் வழக்கமாகச் சொல்வது, பனி படாமல் மூடி வையுங்கள் என்பதுதான்.

3. சனிக்கிழமை

அன்று காலை சசி ஆம்பைப் போட்டு வாசித்துப் பார்த்திருக்கிறான். அப்படியே ஓனில் விட்டுவிட்டு, பீலித் தண்ணீரில் குளித்து, வேன்காரனையும் பார்த்துவிட்டு வர ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது. வெளியே நல்ல பனி. மேகலா ஆம்புப் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. பலகை சூடாகாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மழையில் கொழுந்தெடுக்கப் போகும்போது போர்த்துகிற தன் கம்பளியை எடுத்து, காய்ச்சல்காரப் பிள்ளையைப் போர்த்துகிற மாதிரி ஆம்பைச் சுற்றிப் போர்த்திவிட்டாள்.

சசி திரும்பி வந்து புகையைப் பார்த்துப் போன் எடுத்ததும், அவனை நேரே ஹோட்டலுக்குப் போகச் சொல்லிவிட்டு, நான் டிரான்சிஸ்டர் ஆம்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தலவாக்கலைக்கு இந்தப் பக்கம் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. ஹோட்டலுக்குப் போய்ச் சேர மூன்றரை. சசி மொடலர் பையோடு கேட்டுக்கு வெளியே நின்றான்.

"கண்டியில இருந்து ஒருத்தர் வந்தாரு பாஸ். அவரையே எடுத்துட்டாங்க" என்றான். "அவரு கொண்டாந்ததும் இது மாதிரி சின்ன ஆம்புதான்."

நான் கொண்டுபோன ஆம்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

4. பரவாயில்லை

அடுத்த கிழமை மேகலா மட்டும் வால்வு ஆம்பைப் பஸ்ஸில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பிரித்துப் பார்த்தேன். சூட்டில், வால்வுகளை அடக்கி வைக்கிற பயஸ் கெபாசிட்டர் செத்து, வால்வுகள் பழுக்கச் சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்போமர் கரியாகியிருந்தது. கம்பி வலையில் கம்பளி நூல் கருகி ஒட்டியிருந்தது.

"நான் போத்தினதாலதான் எரிஞ்சிச்சாண்ணே?"

கடையில் வேறு இரண்டு கஸ்டமர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால், தப்பு என்னுடையது, தப்பான ஆம்பைக் கொடுத்தேன், சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பரவால்ல விடு தங்கச்சி" என்றேன்.

பெருந்தன்மையாகப் பேசியதாக அப்போது நினைத்தேன். பரவாயில்லை என்றால், தப்பு அவளுடையது, மன்னிப்பது நான் என்றுதானே அர்த்தம். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். மாதம் முடிவதற்குள் குவைத்துக்கும் போய்விட்டாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: வால்வா டிரான்சிஸ்டரா என்று பேசத் தொடங்கும் முன், அது எந்த வீட்டில் இருக்கப்போகிறது, யார் ஸ்விட்ச் போடப்போகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஆசையை அடுத்தவன் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். மூடக்கூடாது என்றால் மூடக்கூடாது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

சசி இப்போது மொடலரைத் தொடுவதில்லை. போன வாரம் கடைக்கு வந்தான். "குவைத்துலருந்து மேகலா போன் எடுத்தா ஒங்களத்தான் மொதல்ல கேக்குது பாஸ். அண்ணே இன்னும் ஏம்மேல கோவமா இருக்காங்களான்னு." அவளுடைய நம்பரையும் எழுதிக் கொடுத்தான்.

வாய்ஸ் மெசேஜில் நாலு தடவை பேசினேன். நாலையும் அனுப்பாமல் அழித்துவிட்டேன்.