பூத்துக்குப் போகிற சாலை

என் விரலில் ரேகை இல்லை என்று ஜித்தா விமான நிலையத்தில் ஒரு சின்ன இயந்திரம் சொல்லிவிட்டது. அங்கே சிம் கார்டு வாங்க வேண்டுமென்றால் பாஸ்போர்ட்டோடு கைரேகையும் வைக்க வேண்டுமாம். கட்டைவிரலை வைத்தேன். துடைத்துவிட்டு வைத்தேன். நெற்றியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டும் வைத்துப் பார்த்தேன். சிவப்பு விளக்குதான் எரிந்தது. இத்தனை வருடம் பாத்திரம் தேய்த்ததில் பாத்திரம் அப்படியே இருக்கிறது, என் ரேகைதான் போயிருக்கிறது. ஊரில் ரேஷன் கடையிலும் எனக்கு இதே கதைதான்.

உம்ரா யாத்திரைக்கு என்னோடு துணைக்கு வந்த தம்பிக்கு முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்தது. வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாதவன். அவன் பெயரில் சிம் வாங்கி, அவன் போனிலிருந்து என் போனுக்கு ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து அவன் போகிற இடமெல்லாம் நானும் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. அவன் கொஞ்சம் தள்ளிப் போனால் என் நெட் போய்விடும். மாட்டைக் கட்டினால் கயிறாவது கண்ணுக்குத் தெரியும், எங்களுக்கு அதுவும் இல்லை.

அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் என் வீட்டுக்காரரோடு பேசினேன். அவர் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், முழங்கால் வலியோடு குறுவை நடவைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எங்கள் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. அதனால் வயலுக்குப் போய் வரப்பில் நின்றுகொண்டு வீடியோ காலில் வருவார். மக்காவுக்குப் போன முதல் நாள் அவருக்குக் கஅபாவைக் காட்டினேன். போனை மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு அங்கேயே இரண்டு கையையும் ஏந்தினார். அவருக்குப் பின்னால் பம்புசெட் தண்ணீர் கொட்டுகிற சத்தம், கடல் தாண்டி, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என் காதில் விழுந்தது. தம்பியின் போனுக்குள் இருக்கிற ஒரு சின்னத் தகடு இதைச் செய்கிறது என்றால் யார்தான் வாயைப் பிளக்க மாட்டார்கள்?

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பேரீச்சம்பழம் கேட்கவில்லை, அத்தர் கேட்கவில்லை.

"ஜித்தாவுலேர்ந்துதானே திரும்புறீங்க? நான் இருந்த எடத்தை ஒரு தடவை காட்டிடு புள்ள. பழைய கட்டடத்தையெல்லாம் இடிக்கிறாங்களாம். அடுத்த வருஷம் இருக்குமோ என்னமோ."

கல்யாணமான மறுவருடமே சவூதிக்குப் போனவர் அவர். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிற வரைக்கும் ஜித்தாவில் ஒரு ரொட்டிக்கடையில் ராத்திரி வேலை பார்த்தார். அந்த வருமானத்தில்தான் வீடு, வயல், எல்லாம். லீவில் வருகிற ஒவ்வொரு தடவையும் "எப்படி இருந்தீங்க மச்சான்?" என்று கேட்பேன். "நல்லாத்தான் இருந்தேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. அவருக்குத் தன் இடத்தை மறுபடி பார்க்க ஆசை. எனக்கோ அந்த "நல்லாத்தான்" என்பதற்கு உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தே ஆக வேண்டும். முழங்காலை வைத்துக்கொண்டு இனி அவர் எங்கே போகப் போகிறார்? இந்தத் தடவை விட்டால் இரண்டு பேருக்குமே இல்லை.

கடைசி நாள் ஜித்தாவில், லுஹர் என்கிற மதியத் தொழுகை முடிந்ததும், மாலை விமானத்துக்கு முன்னால், தம்பியோடு டாக்ஸியில் கிளம்பினேன். அவர் போனில் வழி சொன்னார். அவர் சொன்ன திருப்பங்களில் பாதி இப்போது இல்லை. இருந்தாலும் ஒரு பெட்ரோல் பங்க்கைப் பார்த்ததும், "அதான், அதான், நிறுத்தச் சொல்லு!" என்று வரப்பிலிருந்து கத்தினார். டாக்ஸிக்காரரே பயந்துபோய் பிரேக் போட்டுவிட்டார்.

ரொட்டிக்கடை இருந்த இடத்தில் டயர் கடை இருந்தது. மேலே அவர் தங்கியிருந்த அறையின் ஜன்னல் மட்டும் அப்படியே இருந்தது. போனைத் தூக்கிக் காட்டினேன். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். பிறகு, "போதும் புள்ள, வெயிலா இருக்கு, வண்டியில ஏறு" என்றார்.

"போன் பூத்தையும் பாத்துட்டுப் போயிடுறேனே" என்றேன் நான்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் எதிர்வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவார். நான் அங்கே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து காத்திருப்பேன். வந்தால் மூன்று நிமிடம்தான். அவருக்கு மூச்சு வாங்கும். ஏன் என்று கேட்டால், "மாடியிலேர்ந்து ஓடி வந்தேன், பூத்து கீழதானே இருக்கு" என்பார். கீழே இருக்கிற பூத்துக்கு வரவே இத்தனை தாமதமா என்று எத்தனையோ வெள்ளிக்கிழமை சண்டை போட்டிருக்கிறேன்.

"பூத்து எங்கங்க? கீழ ஒண்ணையும் காணோமே."

"அது... வலதுபக்கமா நேரா போனா ஒரு பள்ளிவாசல் வரும். அது சுவரை ஒட்டி இருந்துச்சு. டாக்ஸியில போ."

"இந்தா இருக்கிற தூரத்துக்கு டாக்ஸியா?" என்று நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

"நடக்காதே, சொன்னாக் கேளு" என்றார். நான் எப்போது கேட்டேன்?

சாலையில் பேருக்குக்கூட ஒரு மரம் இல்லை. ஒரு பக்கம் நீளமான மதில், மறுபக்கம் பறக்கிற கார்கள். உச்சிவெயிலில் மதிலுக்கு நிழல்கூட விழவில்லை. கொஞ்ச தூரத்திலேயே தம்பி ஒரு கடைக்குள் நுழைந்துவிட்டான். "லாத்தா, என்னால முடியாது. நான் இங்க ஏசியில உக்காந்துக்கறேன்."

நான் நிற்கவில்லை. திரையில் என் வீட்டுக்காரர் எதையோ சொல்ல வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றார். பிறகு அதுவும் போய்விட்டது.

தூரத்தில் பள்ளிவாசலின் மினாரா தெரிந்தது. நடக்க நடக்க அது தள்ளித் தள்ளிப் போயிற்று. செருப்பையும் தாண்டி உள்ளங்கால் சுட்டது. புர்கா முதுகோடு ஒட்டிக்கொண்டது. ராத்திரியெல்லாம் அடுப்பு முன்னால் நின்றுவிட்டு இந்த வழியாகவா வந்தார்? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையுமா? என் சண்டையைக் கேட்பதற்கா? மக்காவில் கஅபா முன்னால் நின்றபோது எனக்குக் கால் நடுங்கியது. அல்லாஹ் மன்னிக்கட்டும், அந்தச் சாலையிலும் அப்படித்தான் நடுங்கியது. கூடவே படுத்து எழுந்த மனுஷனை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது போல இருந்தது.

பள்ளிவாசல் சுவரை ஒட்டி பூத்து எதுவும் இல்லை. அது நின்ற சிமெண்டுத் தரையில் துருப்பிடித்த ஆணிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அதைச் சொல்லக்கூட அப்போது என் கையில் நெட் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தேன்.

தம்பி இருந்த கடையை நெருங்கியதும் போன் அலறியது. திரையில் அவர் முகம் வியர்த்து வழிந்தது.

"எங்க புள்ள போனே? ஹலோ ஹலோன்னு எத்தனை நேரமாக் கத்துறேன்! நடவு நடுறவங்கல்லாம் நிமிந்து பாக்குறாங்க."

எனக்கு மூச்சு வாங்கியது. "அவ்வளவு தூரமா மச்சான்? ஏன் ஒரு தடவைகூட என்கிட்ட சொல்லல?"

அவர் முகத்தைத் திருப்பி வயலைப் பார்த்தார்.

"எப்ப சொல்றது? கையில இருந்த காசுக்கு மூணு நிமிஷம். சொன்னா நீ அழுவே. நீ அழுது முடிக்கிறதுக்குள்ள லைன் போயிடும். அப்புறம் உன் பேச்சைக் கேக்க நான் இன்னொரு வெள்ளிக்கிழமைக்குல்ல காத்திருக்கணும்?"